தண்ணி வேணுமாம்

"அமாவாசை இரவு. மங்கிய நிலவொளியில் அந்தப் பாழடைந்த பங்களா பயங்கரமாகக் காட்சியளித்தது."

பத்திரிகைக்கு வரும் பேய்க்கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்துத் திருத்துகிற வேலையில், இந்த வரி ஏதாவது ஒரு வேஷத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். அமாவாசையில் நிலா எங்கிருந்து வந்தது என்று எழுதியவர் யோசிக்கவில்லை. படிக்கிறவர் யோசித்துவிடுவார். அதோடு சரி, அதன்பிறகு கதைக்குள் எத்தனை பேய் வந்தாலும் அவர் காலை ஆட்டிக்கொண்டேதான் படிப்பார். நடக்கவே முடியாத ஒன்றை நம்பச் சொல்கிற கதை, நடக்கக்கூடிய மற்ற எல்லாவற்றிலும் கறாராக இருக்க வேண்டும். பேய் ஒன்றுதான் பொய். மற்றதெல்லாம் மெய்யாக இருந்தால்தான் அந்தப் பொய் நிற்கும்.

நிலாவையே எடுத்துக்கொள்ளலாம். பௌர்ணமி நிலா சூரியன் இறங்கும் நேரத்தில் எழுந்து நள்ளிரவில் உச்சிக்கு வரும். மூன்றாம் பிறை எட்டு, எட்டரைக்குள் மேற்கே மறைந்துவிடும். தேய்பிறை அஷ்டமியில் நிலா எழுவதே நள்ளிரவை ஒட்டித்தான். ஒருத்தி கும்மிருட்டில் வீட்டைவிட்டு இறங்க வேண்டும், பாதி வழியில் மெல்ல வெளிச்சம் பரவி, கூட வருவது யாரென்று தெரிய வேண்டும் என்றால் அஷ்டமிதான் தோதான நாள். தினசரி நாட்காட்டியில் எல்லாம் போட்டிருக்கிறது.

இருட்டிலும் இதே தவறு. "கரண்ட் போனது. மூலையில் சிவப்புச் சேலையில் அவள்!" என்று எழுதுகிறார்கள். கரண்ட் போன மாத்திரத்தில் மூலையில் யார் நின்றாலும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழகிய பிறகும் நிறம் தெரியாது, சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளைச் சேலைப் பேய் சலித்துப்போன சங்கதிதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழைய கதைசொல்லிகள் கெட்டிக்காரர்கள். இன்னொன்று, விழித்திரையின் நட்டநடுவில் மங்கலான ஒளியை உணரும் செல்கள் இல்லை. அதனால் இருட்டில் ஓரக்கண்ணுக்குத் தென்படுவது நேரே பார்த்தால் மறைந்துபோகும். மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க முயன்றவர்களுக்கு இது தெரியும். பேய்க்கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. நேரே பார்த்தால் காலி நாற்காலி. பார்வையைத் தூண் பக்கம் திருப்பினால் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு 'அமானுஷ்யம்' என்ற சொல்லே தேவைப்படாது.

பிணம் வரும் கதைகளில் "மூன்று நாளாக விறைத்துக் கிடந்த உடல்" என்று ஒரு வரி வரும். இறந்த சில மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தொடங்கி, உடல் முழுக்கப் பரவி, நம் ஊர் வெக்கைக்கு இரண்டு நாளுக்குள் தளர்ந்துவிடும். மூன்றாம் நாள் இருப்பது வேறு நிலை, வேறு வாடை. தாடை தொங்கியபடியே விறைத்துவிடக் கூடாது என்றுதான் நாடிக்கட்டு கட்டுகிறார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். பிணம் கண்ணைத் திறந்தது என்று எழுதினால் சிரிப்பார்கள். கால் கட்டு அவிழ்ந்து கிடந்தது, யார் அவிழ்த்தது என்று சித்தப்பா கோபப்பட்டார் என்று எழுதிப் பாருங்கள். கோபம் இருப்பதால் அது வீட்டு விஷயமாகிறது. வீட்டு விஷயம் என்றால் நம்பலாம்.

அளவு என்று கேட்டால், 1,500 சொல் கதைக்கு ஓர் இடம், ஓர் இரவு, மூன்று நான்கு பேர் போதும். முதல் 300 சொல்லில் பேயின் வாடையே கூடாது. அந்த 300 சொல்லும் சும்மா அல்ல. வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படுப்பார்கள், எந்தக் கதவு கிரீச்சிடும், எந்தப் படியில் கால் இடறும் என்று வாசகர் கையில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அந்தக் கணக்கில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அவரே கண்டுபிடிப்பார். நாம் சொல்லி அவர் பயப்படுவது ஒரு மாதிரி, அவரே கண்டுபிடித்துப் பயப்படுவது வேறு மாதிரி.

அறிகுறிகள் மூன்று போதும். முதலாவதற்கு எளிதான விளக்கம் இருக்க வேண்டும். இரண்டாவதற்கும் விளக்கம் உண்டு, ஆனால் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் சொல்ல முடியும். மூன்றாவதற்கு யாரும் விளக்கம் சொல்ல வாய் திறப்பதில்லை. பல கதைகளில் மூன்றாவது முதலிலேயே வந்துவிடுகிறது. எடுத்த எடுப்பில் ரத்தம் சொட்டினால், மிச்சப் பக்கங்களில் இன்னும் அதிகமாகச் சொட்ட வேண்டியிருக்கும்.

விளக்கங்களுக்கு ஊரைச் சுற்றியே சரக்கு இருக்கிறது. ஓட்டு வீட்டின் மேல் மரநாய் நடந்தால் ஆள் நடப்பது போலவே கேட்கும். கூகைக் குஞ்சுகள் பாழ்மண்டபத்தில் இருந்துகொண்டு இழுத்து இழுத்து மூச்சுவிடுவது போல் சீறும். மல்லாந்து படுத்தவர் விழித்துக்கொண்டும் உடல் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் கிடப்பதை ஊரில் அமுக்குவான் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அது விலகுமுன் மூளை விழித்துக்கொள்வதுதான் காரணம். சில நொடி, மிஞ்சினால் சில நிமிடம். இதையெல்லாம் கதாபாத்திரம் தெரிந்தவராக இருப்பது நல்லது. தெரிந்தவர் பயந்தால்தான் படிக்கிறவருக்குப் பயம்.

ஆள்காட்டிக் குருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் முட்டையிடும் பறவை. ராத்திரியில் எதுவும் கிட்டே வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். ஏரிக்கரையில் ஒரு முறை கத்துகிறது. கொஞ்ச நேரம் கழித்து வரப்புப் பக்கம் இன்னொன்று. பிறகு களத்துமேட்டில். யாரோ நடந்து வருகிறார்கள் என்று எழுத வேண்டியதே இல்லை. பிறகு ஒன்றும் கத்தவில்லை என்று மட்டும் எழுதினால், வாசகர் வாசலைப் பார்ப்பார்.

எல்லாப் பேயும் நள்ளிரவு 12 மணிக்கே ஏன் வருகின்றன என்பதும் புரியாத ஒன்று. உச்சி உருமத்தில் கிணற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்த்த ஊர் இது. வெயில் கொளுத்தும் நண்பகல், தெருவில் ஈ காக்கை இல்லை, நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவரின் நிழல் மட்டும் நீண்டிருந்தால் போதும்.

பயம் எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கு தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் (உணர்ச்சிகளைப் பற்றிய பகுதி) நான்கு நிலைக்களன் சொல்கிறது: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). வருகிற கதைகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. நான்காவதில்தான் புதையல் இருக்கிறது. நம்மை ஆண்டவர், நாம் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தவர். முன்பின் தெரியாத மோகினியைவிட, உயிரோடு இருந்தபோதே எதிரில் உட்காரப் பயந்த மாமனார் செத்த பிறகு கூடத்தில் தொண்டையைச் செருமுவது பத்து மடங்கு வேலை செய்யும். அந்தச் செருமலுக்கு மருமகள் தன்னையறியாமல் எழுந்து நிற்கிறாள் பாருங்கள், அந்த எழுந்து நிற்பதில்தான் கதை இருக்கிறது. (சுடலைமாடனையும் முனியையும் அரக்கனாக்கி எழுதுகிறவர்கள், அவை எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றிக் கும்பிடும் குலதெய்வங்கள் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்காரருக்குக் கதை பயத்தைத் தராது, எரிச்சலைத்தான் தரும்.)

இவ்வளவும் சரியாக இருந்தும் சப்பென்று போகிற கதைகள் உண்டு. அங்கே கோளாறு மொழியில் இருக்கும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மனிதரா மற்றதா என்பதை வினையின் கடைசி எழுத்துதான் சொல்கிறது. பேயை வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் எழுதுகிறவர்கள் "ஓர் உருவம்", "அந்த மர்ம உருவம்" என்று தொடக்கத்திலேயே தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிடுகிறார்கள். இதைப் பாருங்கள்:

"கிணற்றடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. கொடியிலிருந்து விழுந்த வேட்டியாக இருக்கும். காற்றில் அசைந்தது. எழுந்தது. துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தாள்."

பேய், உருவம், அலறல் ஒன்றும் இல்லை. கிடந்தது, அசைந்தது, எழுந்தது என்று மூன்று 'து' வந்து பழக்கிவிட்டு, நான்காவதில் 'ஆள்' வருகிறது. எதிர்த்திசையிலும் செய்யலாம். சாவு வீட்டில் நாம் அன்றாடம் செய்வதுதான் அது. காலைவரை "அப்பா எழுந்துட்டாரா" என்று கேட்ட வாய், மத்தியானம் "எப்ப எடுக்கறாங்க" என்கிறது. உயர்திணை அஃறிணையாகிற அந்த இடத்தைக் கூர்ந்து கேட்டவருக்குத் திகில் எழுத வேறு பயிற்சி வேண்டாம்.

விகுதிகளுக்குள்ளும் 'ஆம்' தனி. பிறர் சொன்னதைச் சொல்லும்போது ஒட்டிக்கொள்ளும் அந்த 'ஆம்'. பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு. வீட்டில் நான்கு பேர். அம்மா கூடத்தில் பாய் விரிக்கிறாள், ஐந்து பாய். பழக்கதோஷம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஐந்தாவதைச் சுருட்டவும் இல்லை. விளக்கணைத்த பிறகு கோடாலித் தைல வாசனை. தலையணை உறையில் ஒட்டியிருக்கும். அம்மா அடுப்படியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஐந்து வயதுப் பையன் வந்து நிற்கிறான்.

"பாட்டிக்குத் தண்ணி வேணும்" என்று அவன் சொன்னால் அது அவன் நினைப்பு. "பாட்டி தண்ணி கேட்டாங்க" என்றால் கனவாக இருக்கலாம். "பாட்டிக்குத் தண்ணி வேணுமாம்" என்றால் கூடத்தில் இப்போது ஒருவர் இருக்கிறார், அவர் பேசியிருக்கிறார், பையன் தூது வந்திருக்கிறான். ஓர் அசையில் ஆள் உள்ளே வந்தாகிவிட்டது. இங்கே பையன் பயப்படக் கூடாது. அவன் அழுதால் கதை செத்தது. அவனுக்கு இது சாதாரணம், கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கலாம்.

திருத்தும்போது செய்ய வேண்டிய முதல் வேலை எளிது. திடீரென்று, பயங்கரமான, மர்மமான, அமானுஷ்ய, இனம்புரியாத. இந்த ஐந்தையும் தேடி அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். வாக்கியம் நின்றால் அது தேவையில்லாத சொல். வாக்கியம் விழுந்தால் அங்கே காட்ட வேண்டிய பொருள் ஒன்றைக் காட்டாமல் விட்டிருக்கிறீர்கள். "க்ர்ர்ரீச்ச்ச்" என்று எழுத்துகளை நீட்டுவதும் அப்படித்தான். எந்தக் கதவின் எந்தக் கீல் என்று எழுதினால் சத்தம் தானாகக் கேட்கும். பிறகு வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதிர்ச்சிக்கு முந்தைய வாக்கியம் எச்சங்களாகத் தொடர்ந்து நீளமாகவும், அதிர்ச்சி மூன்று நான்கு சொல்லிலும் இருந்தால் மூச்சு சரியான இடத்தில் தடுக்கும்.

செல்போனுக்குச் சிக்னல் இல்லை என்ற சாக்கை இனி விட்டுவிடலாம். சிக்னல் இருக்கட்டும், அழைப்பும் போகட்டும். இறந்தவரின் எண்ணுக்குப் போகட்டும், ஒருவர் எடுக்கட்டும். வெகுநாள் ரீசார்ஜ் செய்யாத எண் வேறொருவருக்குப் போவது நடைமுறைதான், விளக்கம் தயாராக இருக்கிறது. எடுத்தவர் பேரன் பெயரைச் சொல்லும்வரை.

முடிவுகளில் இரண்டை ஒழித்தே ஆக வேண்டும். ஒன்று, கனவு. மற்றது டீக்கடைக்காரர்: "யாரு, அந்த டிரைவரா? அவர் செத்துப் பத்து வருஷமாச்சே தம்பி!" தமிழ்நாட்டு டீக்கடைக்காரர்கள் எல்லோரும் இறப்புப் பதிவேடு வைத்திருக்கிறார்களோ என்னவோ. விளக்கம் சொல்லி முடிக்கிற கதையில் பயம் கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விடும்.

மேலே சொன்ன அடுப்படிக்கு வருவோம். அம்மா என்ன செய்வாள்? நடுங்கினாள், வியர்த்தாள் என்று எழுதுவார்கள். அந்த வீட்டில் பாட்டி கேட்டு அவள் இல்லையென்று சொன்னதில்லை. அதனால் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுக்கிறாள். கொடுத்த பிறகுதான் அவளுக்கே உறைக்கிறது. பையன் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் போகிறான். குடத்தில் சொட்டுகிற சத்தம். பையன் திரும்பி வருகிறான், காலிச் சொம்போடு.

"அவங்களுக்கும் வேணுமாம்."

அவங்க என்பது மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், கூடம் கொள்ளாத கூட்டமாகவும் இருக்கலாம். இதற்குப் பிறகு அம்மா வீலென்று அலறி மயங்கி விழுகிற பத்தி ஒன்று கட்டாயம் எழுதியிருப்பார்கள். அதை அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்பலாம்.