மட்டக்களப்பு ஓடுபாதை: வாடைக்கு ஒரு முனை, கச்சானுக்கு ஒரு முனை

மட்டக்களப்பு விமான நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அதைத் திறந்த கதையும் மூடிய கதையும்தான் முதலில் வரும். அதை முதலில் சொல்லிவிடுவோம். 1958 இல் திறந்தார்கள். கொழும்புக்கு அருகிலுள்ள ரத்மலானையிலிருந்து எயார் சிலோன் விமானம் வந்து போனது. 1983 இல் விமானப்படை பொறுப்பெடுத்தது. புனரமைப்புக்குப் பிறகு 2016 யூலையில் உள்நாட்டுப் பயணிகளுக்காக மீண்டும் திறந்தார்கள். 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆனாலும் இந்த நிலையத்தைப் புரிந்துகொள்ள ஆண்டுகளைவிட ஓடுபாதையின் திசைதான் உதவும்.

நகரத்துக்குத் தென்மேற்கே, திமிலைதீவுப் பக்கம், வாவி சூழ்ந்த தட்டை நிலம். கடல் மட்டத்திலிருந்து 20 அடிதான் உயரம். ஓடுபாதையின் ஒரு முனையில் 06, மறுமுனையில் 24 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியில் 60 பாகை, 240 பாகை என்பதைத்தான் கடைசிப் பூச்சியத்தை விட்டு அப்படி எழுதுகிறார்கள். 60 பாகை வடகிழக்கு, வாடை வரும் பக்கம். 240 தென்மேற்கு, கச்சான் வரும் பக்கம். நம் ஊரின் இரண்டு பெருங்காற்றுக்கும் நேராகவே பாதை கிடக்கிறது. குறுக்குக் காற்றில் தள்ளாடி இறங்க வேண்டிய நாள் இங்கே குறைவு. நல்ல இடத்தேர்வு என்றே சொல்வோம்.

விமானம் எப்போதும் காற்றை முகத்தில் வாங்கித்தான் ஏறும், இறங்கும். செஸ்னா என்ற சிறு விமானங்களின் கையேடுகளில் இதற்குக் கணக்கு உண்டு. முகக்காற்று 9 முதல் 11 நொட் (ஒரு நொட் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர் வேகம்) இருந்தால் ஓடுதூரம் 10 வீதம் குறையும். பின்காற்றென்றால் வெறும் 2 நொட்டுக்கே 10 வீதம் கூடும். நன்மை மெல்ல வருகிறது, தீமை விரைந்து வருகிறது. 6 நொட் பின்காற்று கன்னத்தில் படும் இளங்காற்றுத்தான். ஆனால் ஓடுதூரம் 30 வீதம் நீண்டுவிடும்.

ரத்மலானையிலிருந்து இங்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். அந்தக் கோடும் கிட்டத்தட்ட 60 பாகைத் திசையிலேயே வருகிறது. அதனால் வாடைக் காலத்தில் மலைநாட்டைத் தாண்டி வரும் விமானம் பெரிதாகத் திரும்பாமலே 06 இல் இறங்கலாம். கச்சான் காலத்தில் நிலையத்தைத் தாண்டிப் போய், சுற்றித் திரும்பி, கடற்பக்கமிருந்து 24 இல் இறங்க வேண்டும். கச்சான் பலமில்லாத நாட்களில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பி அதைத் தள்ளிவிடும். காலையில் 24, பின்னேரம் 06 என்று முனை மாறுவது அப்படித்தான்.

இதைக் கண்ணால் பார்க்கக் காற்றுப்பையைப் பாருங்கள். நீளம் குறைந்தது 3.6 மீற்றர், பெரிய வாய் 0.9 மீற்றர், மாறிமாறி இரு நிறத்தில் ஐந்து பட்டைகள். 15 நொட்டில் முழுதாக நிமிரும் பையென்றால் ஒரு பட்டைக்கு ஏறத்தாழ 3 நொட் என்று கணக்கிடலாம். இரண்டு பட்டை நிமிர்ந்து மூன்று தொங்கினால் 6 நொட்.

கச்சானின் அடுத்த தொல்லை வெக்கை. மலையின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி வரும் காற்று அது. சூடான காற்று ஐதானது. இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் வலு குறைவு. உயரத்திலும் காற்று ஐதாகத்தான் இருக்கும் என்பதால் வெக்கையையும் உயரமாக மாற்றிக் கணக்கிடுவார்கள். கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. அதற்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 120 அடி உயரத்தைக் கூட்ட வேண்டும். 35 பாகை வெயிலில் 2,400 அடி. 20 அடி உயரத்திலுள்ள ஓடுபாதையில் நிற்கும் விமானம் கண்டி நகரைவிட உயரத்தில் நிற்பதுபோலத்தான் ஓடும். சித்திரை தொடங்கி ஆவணி வரை மதியப் பறப்பில் பொதியின் எடையைக் கறாராகப் பார்ப்பதற்கு இதுவே காரணம். சின்னமன் எயார் என்ற உள்நாட்டு விமான நிறுவனம் பறக்கவிடும் செஸ்னா கரவான் ஒற்றை எஞ்சின் விமானம். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 150 கிலோ எரிபொருள் குடிக்கும். திரும்பிப் போகும் எரிபொருளையும் சுமந்து வந்தால் இரண்டு பயணிகளின் எடை அதிலேயே போய்விடும். ஆகவே ரிக்கற் எடுக்கும்போதே பொதி வரம்பைக் கேளுங்கள். வன்பெட்டியை விட்டு, மடங்கும் துணிப்பையைக் கொண்டுபோங்கள்.

மாரியில் தண்ணீர்தான் பிரச்சினை. வாவி நிறைந்துவிட்டால் தட்டை நிலத்தில் வடிச்சல் மெதுவாகும். பாதையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் நின்றாலே அதைத் தேங்கிய நீர் என்று கணக்கெடுப்பார்கள். டயர் நீருக்கு மேல் வழுக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: டயரின் காற்றழுத்தத்தை, சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில், வர்க்கமூலம் எடுத்து 9 ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் 36 என்றால் 54 நொட். அதற்கு மேலான வேகத்தில் பிரேக்கை மிதித்தும் பலன் குறைவு. பார்வையை நம்பிப் பறக்கும் விமானத்துக்குத் தாழ்ந்த உயரத்தில் 5 கிலோமீற்றர் தெளிவு வேண்டும். அடைமழை அதைச் சில நிமிடத்தில் மூடிவிடும். மார்கழியில் பயணம் வைப்பவர்கள் அதே நாளில் கொழும்பில் வேறு இணைப்பு விமானம் போடாதீர்கள்.

விமானத்தில் மோதக்கூடிய பறவைகளையும் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. நீர்க்காகமும் கொக்கும் வாவியைத் தேடி வரும். பருந்து மீன்கழிவைத் தேடி வரும். நீர்க்காகத்தை நாம் தடுக்க முடியாது. மீன்கழிவைத் தடுக்கலாம். ஓடுபாதை முனைகளுக்கு எதிரேயுள்ள கரைகளில் மீன் வெட்டுபவர்கள் குடலையும் செதிலையும் கரையில் எறியாமல் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு சாண் மண் போட்டு மூட வேண்டும்.