தொலைக்காட்சி மீது புகார் அளிக்கப் போகிறவர்களுக்கு: நாங்கள் பட்ட பாடு

இரவு விவாதத்தில் ஒரு கட்சிப் பேச்சாளரை அடக்குவதற்காக, "மூளை வளர்ச்சி இல்லாதவர் மாதிரிப் பேசாதீர்கள்" என்று நெறியாளர் சொல்லிவிட, அந்தத் துண்டுக் காணொளி விடிவதற்குள் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. என் தங்கைக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. அலைவரிசையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. புகார் அளித்த வழியைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வழி வேண்டுமென்றே மறைத்து வைக்கப்பட்டதுபோல் இருக்கிறது.

முதல் நாள் எழுந்த கண்டனம் எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் மறுநாளே அது திசைமாறி, அந்த அலைவரிசை எந்தக் கட்சிக்குச் சாதகமானது என்ற சண்டையாகி, பிறகு அந்தப் பெண் நெறியாளரின் சாதியையும் குடும்பத்தையும் இழுத்து எழுதும் ஆபாசமாக முடிந்தது. அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அலைவரிசையோ தன் எக்ஸ் பக்கத்தில் "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று ஒரு வரி போட்டதோடு நிறுத்திக்கொண்டது. என் தங்கை எக்ஸ் பார்ப்பதில்லை. அவள் தினமும் அப்பாவோடு உட்கார்ந்து அந்த நேரத்து விவாதத்தைத்தான் பார்க்கிறாள், தெருவில் தன்னைக் கேலி செய்யப் பயன்படுகிற அதே சொற்களை அங்கேயும் கேட்டுவிட்டு, "என்னையா சொல்றாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள். ஆகவே மன்னிப்பு அதே திரையில், அதே நேரத்தில் வர வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

காவல் நிலையத்தில் எங்களை சைபர் கிரைமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், இது இணையக் குற்றமல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். அரை நாள் வீண். அதன் பிறகே ஒரு வழக்கறிஞர் நிலைமையை விளக்கினார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 92ஆம் பிரிவு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்போருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் இழிவுபடுத்தும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். 2020 ஜூன் மாதம் இந்தி நெறியாளர் அமிஷ் தேவ்கன் சூஃபி ஞானி குவாஜா மொய்னுத்தீன் சிஷ்தியைக் கொள்ளைக்காரர் என்று குறிப்பிட்டுவிட்டு, கில்ஜியைச் சொல்ல வந்ததாகக் கூறி மன்னிப்புக் கேட்டும், பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. அவற்றை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் மறுத்தது. "வழக்கு நடக்கும், ஆனால் உங்கள் தங்கை பார்க்கிற திரையில் ஒரு வார்த்தையும் வராது" என்றார் அந்த வழக்கறிஞர். அது சரியாகவே பட்டது.

கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021 ஜூன் மாதம் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒவ்வொரு அலைவரிசையும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இந்த அலைவரிசையின் தளத்தில் விளம்பரப் பிரிவின் எண் பளிச்சென்று இருந்தது, அலுவலரைக் காணவில்லை. தொலைபேசியில் கேட்டால், "நிறையப் பேர் கூப்பிடறாங்க மேடம், அதான் வருத்தம் தெரிவிச்சாச்சே" என்றார்கள். கடைசியில், தளத்தின் ஆங்கிலப் பதிப்பில், தனியுரிமைக் கொள்கைக்குக் கீழே பொடி எழுத்தில் அந்த மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. நீங்களும் ஆங்கிலப் பக்கத்தின் அடிவரை தேடிப் பாருங்கள். மின்னஞ்சலோடு நிறுத்தாமல் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 24 மணி நேரத்துக்குள் வர வேண்டிய ஒப்புகை எங்களுக்கு வரவே இல்லை. அனுப்பிய தேதியை நிரூபிக்க அந்த ரசீதுதான் உதவியது.

இதற்குள் யூடியூபில் இருந்த விவாதத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பரவிய காணொளியோ சில நொடித் துண்டு. புகாருக்குப் பதில் அளிக்க அலைவரிசைக்கு உள்ள 15 நாள் கெடு முடியும் தறுவாயில் வந்த பதில், "வெட்டி ஒட்டிய காட்சி, விவாதத்தின் வேகத்தில் வந்த சொல், உள்நோக்கம் இல்லை" என்று முடிந்திருந்தது. எங்களைக் காப்பாற்றியவர் சிறப்புப் பள்ளிப் பெற்றோர் குழுவில் உள்ள ஒரு தாய். நேரலையையே கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். திரையின் ஓரத்தில் கடிகாரமும் அடியில் ஓடும் செய்தியும் தெளிவாகத் தெரிந்தன. அலைவரிசைகள் ஒளிபரப்பை 90 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதால், புகாரிலேயே "இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவை அழிக்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதியிருந்தோம், அதனால்தான் மேல்முறையீட்டில் முழுப் பதிவும் வெளியே வந்தது.

பதில் திருப்தியளிக்காவிட்டால் 15 நாட்களுக்குள், அலைவரிசைகளே சேர்ந்து ஏற்படுத்திக்கொண்ட சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். செய்தி அலைவரிசைகளுக்கு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. தங்கள் அலைவரிசை எதில் உறுப்பினர் என்று தொலைபேசியில் சொன்னவர் தவறான பெயரைச் சொன்னதால், எங்கள் மனு "இவர்கள் எங்கள் உறுப்பினர் அல்லர்" என்ற குறிப்போடு திரும்பியது. கெடு முடிய மிகக் கொஞ்ச நேரமே இருந்த நிலையில், உரிய அமைப்புக்கு இரவோடிரவாக மறுபடி அனுப்பினோம். உறுப்பினர் பட்டியலை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலைவரிசையின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

மனுவில் அபராதம் கேட்கவில்லை. இத்தகைய அமைப்பு விதிக்கிற ஒரு லட்சம் ரூபாய் அபராதமெல்லாம் போதுமா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. விதிகள் இந்த அமைப்புகளுக்குக் கண்டிக்கவும், மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் அதிகாரம் தருகின்றன, அதைப் பிடித்துக்கொண்டோம். மாற்றுத்திறனாளிகளைக் காட்சி ஊடகங்கள் எப்படிச் சித்திரிக்க வேண்டும் என்று, ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வகுத்த நெறிகளையும் இணைத்தோம். விசாரணை காணொளி வழியாகச் சுருக்கமாக முடிந்தது.

அதே விவாத நேரத்தில், நிகழ்ச்சி தொடங்கும் முன், அதே நெறியாளர் மன்னிப்பைத் தமிழில் வாசித்தார். எழுதிக் கொடுத்ததுதான், ஆனாலும் "புண்பட்டிருந்தால்" என்ற சொல் அதில் இல்லை. அப்பா தங்கையை அழைத்துக் காட்டினார். அந்தத் துண்டு இன்னும் வேறு சில யூடியூப் பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றை நீக்கக் கோரும் கடிதங்களைப் பெற்றோர் குழு இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறது.