வேளாங்கண்ணி நடைப்பயணம்: கேட்கப் போகிறோமா, நன்றி சொல்லப் போகிறோமா?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். காவி உடுத்தி, கழுத்தில் செபமாலை போட்டு, சீரியல் பல்பு எரியும் சின்ன மாதா தேரைத் தள்ளிக்கொண்டு ஆரோக்கிய அன்னையைப் பார்க்க நடக்கும் கூட்டங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 மாலை பெரிய தேர்பவனி, 8 அன்னையின் பிறப்பு விழா. சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் பத்துப் பதினோரு நாள் ஆகும். கொடியேற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் 17, 18-க்குள் கிளம்பிவிட வேண்டும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மூன்று நாள் போதும்.

கிளம்பும் அன்று எல்லோர் மனதிலும் ஒரு கோரிக்கை இருக்கும். குழந்தை வரம், பிள்ளைக்கு வேலை, கடன், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. கேட்பதில் தவறே இல்லை, கேளுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் நேர்த்திக்கடன் என்பது கிடைத்ததற்குச் செலுத்துவதும்தான். லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர்கள் வருகிறார்கள். குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்று இயேசு அனுப்புகிறார். அவர்கள் போகும் வழியிலேயே நோய் நீங்குகிறது. பத்துப் பேருக்கும் நீங்கியது. ஒருவர் மட்டும், அதுவும் யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியர் இனத்தவர், நன்றி சொல்ல வந்த வழியே திரும்பி நடந்தார். வேளாங்கண்ணி நடையை அந்தத் திரும்பி வந்த நடையாக வைத்துக்கொண்டால் பயணமே மாறிவிடும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அதற்கு ஒரு வழி உண்டு. 53 மணி செபமாலையை நடந்துகொண்டே சொல்ல 20 முதல் 25 நிமிடம் ஆகும். அதற்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கடந்துவிடும். இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்வுகளைத் தியானிக்கும் மறையுண்மைகள் மகிழ்ச்சி, ஒளி, துயர், மகிமை என்று நான்கு வகை. வகைக்கு ஒரு செபமாலையாக நான்கையும் சொன்னால் ஆறு கிலோமீட்டர், இருபது பத்துமணிகள் (பத்து ‘அருள்நிறை மரியே’ கொண்ட பகுதிகள்). ஒவ்வொரு பத்துமணிக்கு முன்பும் ஒரு நன்றியை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆள் பெயரோடு, நடந்த விஷயத்தோடு சொல்ல வேண்டும். “எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே” என்பது முதல் பத்துமணியோடு தீர்ந்துபோகும். உடல் நலம், குடும்பம், வேலை என்று இன்னும் நாலைந்து ஓடும். அதற்கப்புறம்தான் ஞாபகம் ஆழமாகத் தோண்ட ஆரம்பிக்கும். பள்ளிக் கட்டணம் கட்ட நகையைக் கழற்றிக் கொடுத்த சித்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்கக் கூட உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், அன்று காலை வழியில் மோர் ஊற்றிக் கொடுத்த அம்மா. மோர் கொடுத்தவர் பெரும்பாலும் கிறிஸ்தவராகக்கூட இருக்க மாட்டார். நம்பிக்கை பிறப்பது இந்த இடத்தில்தான். இவ்வளவு பேரை அனுப்பிக் காப்பாற்றியவர் இனிமேல் மட்டும் கைவிடுவாரா என்று மனம் தானாகவே கேட்கும்.

இனி கால்களைப் பற்றி. பாதியில் பஸ் ஏற வைப்பது பெரும்பாலும் கொப்புளம்தான். உராய்வு, ஈரம், சூடு மூன்றும் சேர்ந்தால் வரும். புதுச் செருப்பு வாங்கி அன்றே கிளம்பக்கூடாது. ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். வியர்வையில் சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள். குதிகால் எரிய ஆரம்பித்ததுமே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கே கொப்புளமாகியிருக்கும். வந்த கொப்புளத்தின் தோலை உரிக்கவே கூடாது. வெறுங்காலில் நடப்பவர்கள் சூடு குறைவு என்று சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே போவார்கள்; பின்னால் வரும் லாரி தெரியாது. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடப்பதுதான் பாதுகாப்பு. இரவில் முதுகிலும் தேரின் பின்புறத்திலும் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். சர்க்கரை நோயாளிகள் வெறுங்கால் நேர்ச்சை எடுக்கவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது.

அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிட்டு, மாலை நான்கரைக்கு மேல் மறுபடி நடப்பது நல்லது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு இந்த அளவைத் தாண்டக்கூடாது.

நடக்க முடியாமல் போனால்? பலர் பயப்படுவது இதற்குத்தான்: நேர்ச்சை தவறினால் மாதா கோபிப்பார் என்று. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1196-ஆம் எண், தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் தருகிறது. அவரிடம் சொல்லிவிட்டு மிச்ச தூரத்தை பஸ்ஸில் போகலாம். கடவுள் கந்துவட்டிக்காரர் இல்லை.

வேளாங்கண்ணியில் பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவே மணல் பரப்பிய பாதை இருக்கிறது. முழந்தாளிட்டுப் போகிறவர்களை அங்கே எந்த நேரமும் பார்க்கலாம். முழங்காலைத் தூக்கி வைக்க முடியாது, இழுத்துத்தான் நகர வேண்டும். இழுக்க இழுக்க மணல் குவிந்து முன்னால் தடுக்கும். வேட்டி நுனி, சேலை மடிப்பு முழங்காலுக்குக் கீழே சிக்கி ஆளையே முன்னால் சாய்க்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டால்தான் நகர முடியும். வெயில் ஏறினால் மணல் சுடும், விடியற்காலையே சரி. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் அதே பாதையில் செபமாலை சொல்லி நடந்தால் போதும்.

காணிக்கை அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வெள்ளியில் செய்த கண், கை, கால், தொட்டில், கூடவே நன்றிக் கடிதங்கள். முகம் தெரியாத மனிதர்கள் திரும்பி வந்து சொன்ன நன்றி அவ்வளவும். பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவ அறிக்கை செய்வதை) ஊரில் சொந்தப் பங்கிலேயே முடித்துவிட்டுப் போங்கள், விழா நாளில் வரிசை நீண்டுவிடும்.

ஊர் திரும்பியதும் இந்தப் பழக்கம் விட்டுப்போவதுதான் வழக்கம். அதனால் இரவுச் செபத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனை, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம், நன்றியில்தான் தொடங்குகிறது: அன்றைய நாளில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பிறகுதான் அருள் கேட்பது, தவறுகளைப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பலர் நேராகத் தவறுகளுக்குப் போய், சோர்ந்து, ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வரிசை முக்கியம்.

சாவு விழுந்த வீட்டில், வேலை போன நாளில் நன்றி வராது. வரவழைக்கவும் வேண்டாம். விவிலியத்தில் திருப்பாடல் 88-ஐ எடுத்து வாசியுங்கள். ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமல் இருளில் முடிகிற பாடல் அது. அதையும் செபம் என்றே விவிலியம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.