பீச் பழ ஸ்டிக்கர்

2022 கடைசில அமெரிக்கால, அட்லாண்டால ஒரு க்ளையன்ட் ஆபீஸ்ல டெஸ்டிங் டீம்ல இருந்தேன். பக்கத்து சீட்ல பில்லிங் பாக்குற ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், கறுப்பினத்தவங்க. ஒருநாள் லஞ்ச் முடிஞ்சு லேட்டா வந்தாங்க, ஐடி கார்டு மேல பீச் பழம் போட்ட ஸ்டிக்கர், ஜார்ஜியா மாநிலத்துல ஓட்டு போட்டா குடுக்கறது. செனட் எலெக்ஷனோட ரன்ஆஃப், அதாவது ரெண்டாவது சுத்து ஓட்டு, டிசம்பர் 6ந்தேதி, இவங்க முன்னாடியே போய் போட்டுட்டு வந்துட்டாங்க. ரெண்டு பக்கமும் நின்னவங்க கறுப்பினத்தவங்கதான், வார்னாக், வாக்கர். எனக்கு அங்க ஓட்டும் கிடையாது விவரமும் பத்தாது, அப்ப யாரு ஜெயிச்சாலும் உங்களுக்கு சந்தோஷம்தானேன்னு கேட்டுட்டேன். கோவப்படல. சேர என் பக்கம் திருப்பிப் போட்டு அவங்க அப்பாவப் பத்தி பேச ஆரம்பிச்சாங்க.

அப்பா எலக்ட்ரீஷியன். 1973ல மேனார்ட் ஜாக்சன் அட்லாண்டாவோட முதல் கறுப்பின மேயரா ஜெயிச்சாரு, ஏர்போர்ட்ட பெருசாக்கி கட்டுறப்போ கான்ட்ராக்ட்ல 25 சதவீதம் சிறுபான்மையினர் கம்பெனிகளுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு, அதுல வந்த ஒரு சின்ன சப்-கான்ட்ராக்ட்லதான் அப்பாவுக்கு வேலை கெடச்சிருக்கு. அதுவரைக்கும் எலெக்ஷன்னா நமக்கென்னன்னு இருந்த மனுஷன் அப்புறம் ஒண்ணு விடலையாம். கவர்மெண்ட் ஆபீஸ் போனா தொப்பிய கழட்டி கைல வச்சிக்கிட்டு ஓரமா நிக்கிறதையும் விட்டுட்டாராம். இதச் சொல்லும்போது தொப்பி புடிக்கிற மாதிரியே கைய வச்சுக் காட்டுனாங்க, எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

போபோ, கில்லியம்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1990லயே இதப்பத்தி எழுதியிருக்காங்கன்னு பின்னாடி படிச்சேன், கறுப்பின மேயர் இருக்கற ஊர்ல கறுப்பின மக்கள் அரசியல்ல கூடுதலா ஈடுபடுறாங்க, நம்ம சொன்னா நடக்கும்ங்கற நம்பிக்கையும் கூடுதல்னு. ஆனா முகத்தப் பாத்து மட்டும் அது வந்துடாதுன்னு எனக்குப் புரிய வச்சது இந்தம்மாதான். வாக்கர் பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டார், அவங்க வீட்டுலயே ரசிகர்கள் உண்டு, இவங்க ஓட்டு வார்னாக்குக்கு. நிக்கிற ஆளு என்ன செய்வாருன்னுதான் பாப்பேன்னு சொன்னாங்க.

அவங்க இருந்தது சிட்டிக்கு வெளிய ஒரு சின்ன ஊர். தெருவுல லைட் எரியலன்னு வாராவாரம் லஞ்ச் டைம்ல கவுன்சிலருக்கு போன் போடுவாங்க, சொந்த அண்ணன் மகன்கிட்ட பேசுற மாதிரி உரிமையா, "நான்தாம்ப்பா, திரும்பவும்"னு. என் ப்ராஜெக்ட் முடிஞ்சு கிளம்புற வரைக்கும் அந்த லைட் எரியல. போன் பண்றத அவங்க நிறுத்தவும் இல்ல.