அழுத்தம் இடம் மாறினால்

இத்தாலிய மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது, வினைச்சொல்லில் அழுத்தம் நகரும் விதம். 'பார்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. அதையே கடைசி அசையில் அழுத்தினால் 'அவர் பேசினார்'! எழுத்தில் இரண்டாவதற்கு மட்டும் ஓ மேல் ஒரு சின்னச் சாய்கோடு, அவ்வளவுதான்.

'பேசுகிறோம்' என்று சொல்ல 'பர்லியாமோ'. இங்கே அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது. 'பேசுகிறார்கள்' என்றால் 'பார்லனோ', மறுபடி பகுதிக்கே வந்துவிடும்.

அப்புறம் தெ-லே-ஃபொ-ன-னோ, 'போன் செய்கிறார்கள்'. பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் அழுத்தம், இதில் கடைசியிலிருந்து நான்காவதில்! ரொம்ப நாள் இதைத் தவறாகவே சொல்லிவந்தேன். 'தெலேஃபொன' (போன் செய்கிறார்) என்று முதலில் சொல்லி, அழுத்தத்தை நகர்த்தாமல் 'னோ' சேர்த்துப் பார்த்தேன். சரியாக வருகிறது. இன்று காலை முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.