நோகார்டியா: என் கருவிழிப் புண் ஆறிய கதை

தொட்டிச் செடிக்கு மண் கிளறும்போது வலது கண்ணில் மண் தெறித்தது. கழுவியதும் உறுத்தல் அடங்கிவிட்டது. பத்து நாள் கழித்துக் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே நீர் கொட்ட ஆரம்பித்தது. முதலில் பார்த்த மருத்துவர், வைரஸாக இருக்கும் என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. அப்புறம் வலி இரண்டு மடங்காகத் திரும்பியது, பார்வையும் மங்கியது. ஸ்டீராய்டு வீக்கத்தை மட்டும்தான் அடக்கியிருக்கிறது. உள்ளே கிருமி தாராளமாக வளர்ந்திருக்கிறது.

அடுத்துப் போனது கருவிழி சிறப்பு மருத்துவரிடம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் வெகுநேரம் பார்த்தார். குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள், மாலை கோத்தாற்போல வட்டமாக நிற்கின்றன என்றார். “மருந்த மாத்துறதுக்கு முன்னாடி கிருமி எதுன்னு தெரியணும்” என்று சொல்லி, மரத்துப்போக சொட்டு விட்டு, புண்ணின் விளிம்பைச் சுரண்டி எடுத்தார். வலி தெரியவில்லை. கத்தி நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே கண்ணை அசைக்காமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

அன்றைக்கே மைக்ரோஸ்கோப்பில் கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தன. பூஞ்சை இழை இதைவிடத் தடிமனாக இருக்குமாம். இது நோகார்டியா, மண்ணில் வாழும் பாக்டீரியா. மெதுவாக வளரும் என்பதால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் அதற்காக அவர் காத்திருக்கவில்லை. ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு அன்றே அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார். ஊசி மருந்தைக் கலந்து தயாரித்த 2.5 சதவீதச் சொட்டு அது.

முதல் இரண்டு நாள், இரவும் பகலும் மணிக்கொரு தடவை. அம்மாதான் அலாரம் வைத்து எழுந்தார். “கண்ணத் தொறப்பா, ஒரே ஒரு சொட்டு” என்று கீழ் இமையை இழுத்துப் பிடிப்பார். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சொட்டு சில்லென்று விழும், உடனே எரியும். விடியும்வரை இதேதான்.

மூன்றாம் நாள் மாற்றமே இல்லை. பயந்து போனேன். இந்தக் கிருமி நிதானமாகத்தான் அடங்கும், சிவப்பில் பாதி மருந்தாலேயே வருவது என்று மருத்துவர் விளக்கினார். ஒரு வாரத்தில் புண்ணின் விளிம்பு சுருங்கத் தொடங்கியது. சொட்டுகளைப் படிப்படியாகக் குறைத்து, முழுசாக ஆற ஆறு வாரம்.

தழும்பு ஓரமாக இருப்பதால் படிக்க முடிகிறது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு மட்டும் சிதறித் தெரிகிறது. முதல் நாளே சுரண்டிப் பார்த்திருந்தால் இதுவும் இருந்திருக்காதா என்று கேட்டேன். “இன்னும் சின்னதா இருந்திருக்கும்” என்றார்.