கெல்டெபுஸ் கூப்பிட்ட கதை

பெர்லினில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஜனவரி, மைனஸ் 8 டிகிரி, ராத்திரி பதினொன்றேகால் மணி. ஃப்ரீட்ரிக் தெரு ஸ்டேஷன் பக்கத்தில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒருவர் அட்டை விரித்துப் படுத்திருந்தார். ஷூ இருந்தது, சாக்ஸ் இல்லை. அந்தக் கணுக்காலைப் பார்த்த பிறகு தாண்டிப் போக முடியவில்லை.

ஆபீஸில் ஒருவர் சொல்லிக் கொடுத்த நம்பர் போனில் இருந்தது. கெல்டெபுஸ், அதாவது குளிர் பஸ்; தெருவில் படுத்திருப்பவர்களை இரவு தங்கும் விடுதிக்கு ஏற்றிப்போகும் வண்டி. என் அரைகுறை ஜெர்மனில் இடத்தைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரே கேள்வி: "அவரிடம் கேட்டீர்களா?" கேட்கவில்லையே! பாவம் என்று தோன்றியது, கூப்பிட்டுவிட்டேன், அவ்வளவுதான். விருப்பம் இல்லாதவரை ஏற்றமாட்டோம், கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், எழுப்பியும் எழவில்லை என்றால் எங்களை அல்ல, உடனே அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

சரி என்று குனிந்து எழுப்பினேன். போலந்துக்காரர். பஸ் வரட்டுமா என்றதற்கு, "டீ இருக்குமா?" என்றார்.

வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஊர் முழுக்க இதே மாதிரி அழைப்புகள் போலிருக்கிறது. காத்திருந்த நேரத்தில் போனில் படித்தேன். பஸ்ஸை ஓட்டுவது பெர்லினர் ஷ்டாட்மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பு. 1877-இல் தொடங்கியது, பஸ் 1994-இலிருந்து ஓடுகிறது, குளிர்காலத்தில் மட்டும், அதுவும் ராத்திரியில். மிஷன் என்றதும் நம்மூர் ஞாபகத்தில் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் திணிப்பார்கள் என்று நினைத்தேன். ஏசு பெயரைக்கூட யாரும் எடுக்கவில்லை.

வந்த பெண் முதலில் அவருக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, அப்புறம்தான் பேச்சையே ஆரம்பித்தார். நான் நின்ற வாக்கில் அவர் தலைக்கு மேலிருந்து கேட்டது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் மனுஷர் வரமாட்டேன் என்றுவிட்டார். கூட்டத்தில் தூக்கம் வராதாம். ஸ்லீப்பிங் பேக், ஒரு ஜோடி சாக்ஸ், மூன்று சர்க்கரை போட்ட டீ, போதும் என்றார். உள்ளுக்குள் எனக்குக் கோபம், பொய் சொல்வானேன். இதற்கா ஐம்பது நிமிடம் நின்றேன்? அந்தப் பெண்ணோ அவர் வரமாட்டேன் என்றதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்லீப்பிங் பேக் ஜிப்பை இழுத்துவிட்டு எழுந்தவர், நடுங்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் டீ வேண்டுமா?" என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன்.